பாறை ஏறுவோரின் முழங்கை

நம்முடைய விரல்களைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவற்றை மடக்கவும் நீட்டவும் நமக்குத் தசைகள் வேண்டும். ஆனால் அந்தத் தசைகள் விரல்களுக்குள் இல்லை. சிறிய தசைகள் சில உள்ளங்கையில் இருக்கின்றன. வலிமை வேண்டிய வேலைகளைச் செய்யும் பெருந்தசைகளோ மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில் குடியிருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டைக் கடந்து சென்று விரல் எலும்புகளைப் பற்றியிருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுக்க, முன்னால் பொம்மை கையை உயர்த்துகிறதல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்கைக்குச் சற்றுக் கீழே வலது முன்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக் கொண்டு, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். தோலுக்கு அடியில் தசை புரள்வது இடக்கைக்குத் தெரியும்.

இனி, கையை அப்படியே மேலே நகர்த்துங்கள். முழங்கையின் உட்பக்கத்தில், அதாவது உடலை ஒட்டிய பக்கத்தில், ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அது முன்கையின் எலும்பன்று. தோளிலிருந்து இறங்கி வரும் மேற்கை எலும்பின் கீழ்முனை. மணிக்கட்டை உட்புறமாக மடக்கும் தசைகள், விரல்களை மடக்கும் தசைகளுள் ஒன்று, உள்ளங்கையைக் குப்புறத் திருப்பும் தசை ஆகிய இவை யாவும் இந்தக் குமிழிலிருந்தே புறப்படுகின்றன. இவ்வளவு தசைகளும் வந்து கூடும் இடம் புளியங்கொட்டையை விடச் சற்றே பெரியது. முழங்கையின் வெளிப்பக்கத்திலும் இதைப் போன்ற மற்றொரு குமிழ் உண்டு. மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்தும் தசைகளுக்கு அதுவே தொடக்கம். இந்த இரண்டு குமிழ்களையும் மனத்தில் இருத்திக் கொண்டால், நான் சொல்லப் போவது முழுவதும் எளிதில் விளங்கும்.

பாறை ஏறுதல் ஒரு விளையாட்டாக மதிக்கப்படத் தொடங்கி ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஊசி போல் நிற்கும் நேப்ஸ் நீடில் என்ற பாறையின் உச்சிக்கு, 1886 ஆம் ஆண்டில், ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தனியே, கயிறின்றி ஏறினார். அதையே இவ்விளையாட்டின் பிறப்பு என்று ஆங்கிலேயர் கூறுவது வழக்கம். அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1936 இல், எழுபது வயதைக் கடந்த முதியவராக அவர் மீண்டும் அதே பாறையில் ஏறினார். அவருடைய முழங்கைகள் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும்.

அக்காலத்தவருக்கு ஒரு வசதி இருந்தது. மழை பெய்தால் பாறை வழுக்கும். குளிர்காலத்தில் விரல் மரத்துப் போகும். ஆகவே இயற்கையே அவர்களுடைய கைகளுக்கு ஓய்வு கொடுத்தது. 1964 ஆம் ஆண்டில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், கட்டடத்தின் உள்ளே ஒரு நடைகூடத்துச் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்து ஏறு சுவர் ஒன்றை அமைத்தார். அதற்குப் பிறகு உலகெங்கும் இத்தகைய சுவர்கள் எழுந்தன. இன்று பெருநகரங்களில் இரவு பத்து மணிக்கும் விளக்கொளியில் சுவர் ஏறலாம். டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் 2021 இல் நடைபெற்ற போது, இவ்விளையாட்டுக்கு முதன் முறையாக அங்கே இடம் கிடைத்தது. மழையும் குளிரும் தந்து வந்த ஓய்வை இனி ஏறுபவரே தமக்குத் தாம் அளித்துக் கொள்ள வேண்டியதாயிற்று. அதுவன்றி, இச்சுவர்களில் பல நம்மை நோக்கிக் கவிழ்ந்திருக்கும். செங்குத்தான பாறையில் உடலின் பளுவைப் பெரும்பாலும் கால்கள் தாங்கும். கவிந்த சுவரிலோ கைகள் தாங்க வேண்டும்.

பனை ஏறுபவரைக் கண்டவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அவர் காலில் தளைநாரை மாட்டிக் கொண்டு, கால்களால் உந்தி எழுகிறார். கைகள் மரத்தை அணைத்துக் கொண்டிருக்கின்றன. கைகளாலேயே உடலை இழுத்துக் கொண்டு நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏற வேண்டுமென்றால் யாரால் இயலும்?

இப்பொழுது முழங்கைக்கு வருவோம். கையில் ஒரு பொருளைத் தூக்கும் போது, பொருளின் எடைதான் தசையின் மேல் விழுகிறது என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். நெம்புகோல் பாடம் நடத்தும் போதெல்லாம் மாணவர்களை அவர்களுடைய கையையே அளக்கச் சொல்வேன். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும். கையை மடக்கும் இருதலைத் தசையோ, முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே முன்கை எலும்பைப் பற்றியிருக்கிறது. ஆகவே உள்ளங்கையில் 5 கிலோகிராம் எடையை வைத்து முழங்கையைச் செங்கோணமாக மடக்கி நின்றால், தசை இழுக்க வேண்டிய விசை அதைப் போல் ஏழு மடங்கு, அதாவது 35 கிலோகிராம் எடைக்குச் சமம். முன்கையின் சொந்த எடையை இதில் நான் சேர்க்கவில்லை. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் கையில் தம் உடலின் பாதியைத் தாங்கி நிற்கும் நொடியில் என்ன விசை பிறக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நம் உடல் விசையைச் சிக்கனப்படுத்தும் பொறியன்று. விசையைத் தாராளமாகச் செலவிட்டு, வேகத்தையும் வீச்சையும் வாங்கிக் கொள்ளும் பொறி அது.

மற்றொரு சோதனை. ஒரு பென்சிலைக் கைக்குள் வைத்து விரல்களால் இறுகப் பிடியுங்கள். மணிக்கட்டு தானாகவே சற்றுப் பின்புறமாக நிமிர்வதைக் காண்பீர்கள். இப்பொழுது மணிக்கட்டை முழுவதும் உட்புறமாக மடக்குங்கள். பிடி தளர்ந்து விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் பென்சிலை எளிதாக உருவிக் கொள்ளலாம். விரல்கள் வலுவாகப் பிடிக்க வேண்டுமென்றால், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளும் அதே நேரத்தில் பாடுபட வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. எனவே பாறையைப் பற்றும் ஒவ்வொரு முறையும் உட்பக்கக் குமிழ், வெளிப்பக்கக் குமிழ் ஆகிய இரண்டும் ஒருங்கே இழுபடுகின்றன. பாறை ஏறுவோருள் சிலருக்கு உட்பக்கத்திலும் சிலருக்கு வெளிப்பக்கத்திலும் வலி வருவதற்குக் காரணம் இதுவே.

இவ்வலிகளுக்கு மருத்துவ உலகில் வழங்கும் பெயர்கள் வேடிக்கையானவை. வெளிப்பக்க வலிக்கு டென்னிஸ் முழங்கை என்றும், உட்பக்க வலிக்குக் கோல்ஃப் முழங்கை என்றும் பெயர். டென்னிஸ் மட்டையையே தொட்டறியாத தச்சர்களும் சமையற்காரர்களும் டென்னிஸ் முழங்கையால் வருந்துகின்றனர். ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1873 இல் இந்நோயை முதன் முதலாக விவரித்த போது, எழுத்து வேலை செய்வோரிடம் கண்ட துன்பமாகவே அதைக் குறித்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1883 இல், மேஜர் என்ற ஆங்கில மருத்துவர் அதற்கு டென்னிஸ் விளையாட்டின் பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்து விட்டது. எழுத்தர்களுக்காகப் பரிந்து பேச அப்பொழுது யாரும் இல்லை போலும்.

எனக்கு வந்தது உட்பக்க வலி. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் ராமநகரம் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கருங்கற் குன்றுகள். ஞாயிறு தோறும் அங்கே சென்று ஏறும் சிறு குழு ஒன்றில் பதினோர் ஆண்டுகளாக நான் இருக்கிறேன். அவ்வப்போது பாதாமிக்கும் போவதுண்டு. சளுக்கிய மன்னர் குடைந்த குகைக் கோயில்கள் உள்ள அதே செம்மணற் பாறைகள், விரல் நுழையும் அளவான பிடிகளால் நிறைந்தவை. எங்கள் கல்லூரிக்கு அருகில் ஏறு சுவர் ஒன்று அமைந்த ஆண்டில், வாரத்தில் மூன்று மாலைகள் அங்கே பயிற்சி தொடங்கினோம். இரண்டு திங்கள் கழிந்ததும், ஏறி முடித்த பிறகு வலது முழங்கையின் உட்பக்கக் குமிழில் ஒரு கடுப்புத் தோன்றியது. காலையில் எழுந்தால் அது இருக்காது. சில வாரங்களில், ஏறும் போதே தோன்றியது. பிறகு ஏறாத நாட்களிலும் தோன்றியது. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பினால் சுரீரென்றது. கரும்பலகையில் அரை மணி நேரம் எழுதினால் கை கனத்தது. என் மகளுக்கு அப்பொழுது இரண்டு வயது. கைகளை உயர்த்திக் கொண்டு வந்து நிற்பாள். நான் குனிந்து இடக்கையால் மட்டும் அவளைத் தூக்குவேன். பாறையை விட்டுவிடலாம் என்று நினைப்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை உண்மையில் அச்சுறுத்தியது அந்த இடக்கைதான்.

அறிவுரைக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவச் சொன்னார். அலுவலக நண்பர் ஒருவர், நேரே புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக் கொள்ளும்படி கூறினார். புத்தூர்க் கட்டு எலும்பு முறிவுக்கு அன்றோ? எனக்கு எலும்பு முறியவில்லை. நகரத்தில் ஒரு மருத்துவர், வலியுள்ள இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். பத்து நாட்களில் வலி மாயமாய் மறைந்தது. மூன்றாம் திங்களில், முன்னை விடக் கடுமையாகத் திரும்பி வந்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் என்று தள்ளிவிடலாம். ஆனால் நெதர்லாந்தில் 185 நோயாளிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2002 இல் வெளிவந்தது. வெளிப்பக்க முழங்கை வலி உள்ளவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மருத்துவம். மூன்றாவது குழுவுக்குச் சிறப்பான மருத்துவம் ஒன்றுமில்லை, பொறுத்திருந்து பார்க்கும்படி ஆலோசனை மட்டும். ஆறு வாரங்களின் முடிவில் ஊசி போட்டுக் கொண்டவர்களில் 92 விழுக்காட்டினர் நலம் பெற்றிருந்தனர். பயிற்சி செய்தவர்களில் 47, பொறுத்திருந்தவர்களில் 32. இந்த இடத்தில் ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால், ஊசிக்கே வெற்றி. அவர்கள் நிறுத்தவில்லை. ஓராண்டின் முடிவில் கணக்கெடுத்த போது, ஊசிக் குழுவில் 69 விழுக்காடாகக் குறைந்திருந்தது; பயிற்சிக் குழுவில் 91 ஆகவும், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களிடையே 83 ஆகவும் உயர்ந்திருந்தது. உட்பக்க வலியைப் பற்றி 1997 இல் வெளிவந்த ஆராய்ச்சியிலும் இதே போக்கு காணப்பட்டது: ஆறாம் வாரத்தில் ஊசியால் நன்மை, மூன்றாம் திங்களில் ஊசி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடில்லை. விஞ்ஞானத்தில் ஒரு கேள்வியை எப்பொழுது கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும் என்பதற்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஊசி ஏன் நிலைக்கவில்லை? ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிப்பது. அழற்சி என்றால் சிவத்தல், வீங்குதல், சூடேறுதல். இந்நோயையும் ஓர் அழற்சி என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் நிர்ஷல் என்பவர், நாட்பட்ட நோயாளிகளின் முழங்கையிலிருந்து எடுத்த நாண் துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தார். 1979 இல் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது. அழற்சிக்கு அடையாளமான அணுக்கள் அங்கே இல்லை எனும்படி அருகியிருந்தன. ஒழுங்காக, இணைகோடுகளாக இருக்க வேண்டிய நார்கள் தாறுமாறாகக் கிடந்தன. இடையிடையே பயனற்ற சிறு இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. நன்றாக முறுக்கிய தேங்காய் நார்க் கயிறு ஓரிடத்தில் பிரிந்து சிலும்பி நிற்பதைப் போன்ற நிலை. எரியாத வீட்டில் தண்ணீரைக் கொட்டி என்ன பயன்?

நாண் ஏன் இப்படிச் சிதைகிறது என்பதை அறிய, அதன் இயல்பை அறிய வேண்டும். தசை செந்நிறமானது, இரத்த ஓட்டம் மிகுந்தது, சில வாரப் பயிற்சியிலேயே வலுப்பெறும். நாண் வெண்ணிறமானது, இரத்த ஓட்டம் குறைந்தது, அது மாறத் திங்கள்கள் ஆகும். புதிதாகப் பயிற்சி தொடங்கும் இளைஞர், எட்டாவது வாரத்தில் தம் கை வலுத்து விட்டதென்று மகிழ்கிறார். வலுத்தது தசை. அத்தசையை எலும்போடு பிணைக்கும் நாண் இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

நாணின் மந்தத்தை அளந்தறிந்த கதை சுவையானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால், காற்றிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1963 இல் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு அது ஆண்டுதோறும் குறைந்து வந்தது. செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பெறுகின்றன. நாம் செடிகளிடமிருந்து பெறுகிறோம். ஆகவே நம் உடலின் ஒரு பகுதியில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்தால், அப்பகுதி எந்த ஆண்டில் உருவாயிற்று என்று சொல்லிவிடலாம். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இம்முறையால் குதிகால் நாணை ஆராய்ந்து 2013 இல் முடிவை வெளியிட்டனர். நாணின் நடுப்பகுதி, வாழ்க்கையின் முதல் பதினேழு ஆண்டுகளில் உருவானதாகவே இருந்தது. அதன் பிறகு அது புதுப்பிக்கப்படுவது அரிது என்று அவர்கள் கண்டனர். அதே மனிதர்களின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தது. இதைக் கேட்டுக் கொண்டிருக்கும் பள்ளி மாணவர்களுக்கு அந்த நாண் இப்பொழுதுதான் நெய்யப்பட்டுக் கொண்டிருக்கிறது.

அப்படியானால் சிதைந்த நாண் தேறுவது எப்படி? சிதைந்த இடம் பழைய வடிவத்தை முழுவதும் அடையாமற் போனாலும், அதைச் சுற்றியுள்ள நல்ல நார்ப் பகுதி வலுப்பெற்று, அதன் சுமையையும் ஏற்றுக் கொள்கிறது என்று நாண் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இந்த வலு ஓய்வினால் வருவதில்லை. முற்றும் ஓய்ந்த நாண் மேலும் தளர்கிறது. அளவான சுமையே அதற்கு மருந்து.

இக்கருத்துக்கு வலுவூட்டியவருள் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரெட்சன் என்ற அறுவை மருத்துவர். குதிகால் நாண் வலியால் ஓட முடியாதிருந்த பதினைந்து பேருக்கு, பன்னிரண்டு வாரங்கள், குதிகாலை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சியை நாள்தோறும் சுமையேற்றிச் செய்வித்தார். அவர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினர். 1998 இல் அவர் வெளியிட்ட இக்கட்டுரைக்குப் பிறகு, தசை நீளும் போதே சுமையைத் தாங்கும் இவ்வகைப் பயிற்சி, முழங்கை, முழங்கால் முதலிய பிற இடங்களுக்கும் பரவியது.

எனக்கு இதைக் கற்பித்தவர் உடற்பயிற்சி மருத்துவத்தில் தேர்ந்த ஓர் அம்மையார். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, வீட்டில் சுத்தியல் இருக்கிறதா என்பதுதான். அவர் காட்டிய முறையைச் சொல்கிறேன். நாற்காலியில் அமர்ந்து, முன்கையை மேசை மேல் கிடத்தி, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கொள்ள வேண்டும். கையில் ஒரு கிலோகிராம் எடை; தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் சீசா போதும். இடக்கையால் உதவி செய்து மணிக்கட்டை மேலே மடக்க வேண்டும். பிறகு இடக்கையை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல மெல்ல, வலக்கையின் வலிமையாலேயே எடையைத் தாழ்த்த வேண்டும். தூக்குவதற்கு உதவி உண்டு. இறக்குவதற்கு உதவி இல்லை. பதினைந்து முறை செய்து, சற்று இளைப்பாறி, மீண்டும் பதினைந்து, மீண்டும் பதினைந்து. எளிதாகி விட்டால் எடையைக் கூட்ட வேண்டும். வெளிப்பக்க வலி உள்ளவர்கள் இதையே உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துச் செய்ய வேண்டும்.

சுத்தியல் எதற்கு? உள்ளங்கையைக் குப்புறத் திருப்பும் தசையும் உட்பக்கக் குமிழில்தான் தொடங்குகிறது என்று முன்னே சொன்னேன். பாறையில் பிடியைப் பற்றும் போது உள்ளங்கை எப்பொழுதும் பாறையை நோக்கியிருப்பதால், இத்தசைக்கு ஓய்வே இல்லை. சுத்தியலின் கைப்பிடியை நுனியில் பற்றிக் கொண்டு, தலைப்பகுதி மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, அதை வெளிப்புறமாக மெல்லச் சாய்த்தால், அந்தத் தசை நீண்டு கொண்டே சுமையைத் தாங்கும். சாய்ந்ததை இடக்கையால் நிமிர்த்தி, மறுபடியும் சாய்க்க வேண்டும். சுமை மிகுந்தால் கைப்பிடியைச் சற்று மேலே பிடித்தால் போதும். நெம்புகோலின் நீளம் குறைந்து விடும். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இந்தப் பயிற்சி மிகவும் பிடித்துப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி செய்யும் போது சிறிது வலிக்கும். அந்த வலியைப் பத்தில் மூன்று என்று மதிப்பிடத் தக்க அளவில் வைத்துக் கொள்ளலாம் என்றும், மறுநாள் காலையில் முன்னிருந்ததை விட வலி மிகுந்திருந்தால் எடையைக் குறைக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். மறுநாள் காலையையே அளவுகோலாகக் கொண்டது எனக்குப் புதுமையாக இருந்தது. தொடக்கத்தில் அசைவே வலித்தவர்களுக்கு, எடையைத் தூக்கி அசையாமல் முக்கால் நிமிடம் நிறுத்தும் பயிற்சியை அவர் முதலில் கொடுப்பதையும் கண்டேன்.

மூன்று வாரங்கள் வரை ஒரு மாறுதலும் தெரியவில்லை. ஆறாம் வாரத்தில் துணியைப் பிழிந்தேன். பத்தாம் வாரத்தில் ஒரு நாள், என் மகள் வழக்கம் போல் வந்து நிற்க, என்னையறியாமல் இரு கைகளாலும் தூக்கி விட்டேன். தூக்கிய பிறகுதான் நினைவு வந்தது.

இந்தப் பன்னிரண்டு வாரங்களிலும் நான் பாறையை முற்றும் விட்டுவிடவில்லை. விடவும் அவர் சொல்லவில்லை. கவிந்த சுவரையும், முழங்கையை முற்ற மடக்கி ஒற்றைக் கையில் உடலை நிறுத்தும் இடங்களையும் விலக்கினேன். ராமநகரத்தில் சரிவான பாறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் கைப்பிடியே இராது; பாதத்தின் உராய்வை நம்பி, இடுப்பைப் பாறைக்கு மேலாகக் கொண்டு சென்று, எழுந்து நிற்க வேண்டும். ஏறும் கலையில் பாதி காலில் இருக்கிறதென்று பெரியவர்கள் சொல்வார்கள். முக்காற்பங்கு என்பேன் நான். வலி அடங்கிய பின், வாரத்துக்கு ஒரு மாலை, பிறகு இரண்டு மாலை என்று சுவருக்குத் திரும்பினேன்.

இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வொல்ஃப்கேங் குல்லிக் என்ற புகழ் பெற்ற ஜெர்மானிய வீரர், 1988 இல் நியூரெம்பர்க் நகரத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில், சாய்ந்த பலகையில் மரச் சட்டங்களை ஏணிப்படிகள் போல் அறைந்து, கால்களைத் தொங்கவிட்டபடி விரல்களால் மட்டுமே தாவித் தாவி ஏறும் பயிற்சியைத் தொடங்கினார். அதன் பயனாக, 1991 இல், அதுவரை எவரும் ஏறியதை விடக் கடினமானதென்று மதிக்கப்பட்ட பாறை வழி ஒன்றை அவர் வென்றார். அந்தப் பலகை இன்று ஏறு சுவர் உள்ள இடங்களில் எல்லாம் காணப்படுகிறது. அவர் அப்பொழுது முழு வளர்ச்சி பெற்ற, பல்லாண்டு பயின்ற வீரர். பதினான்கு, பதினைந்து வயதில் விரல் எலும்புகளின் முனையிலும், முழங்கையின் உட்பக்கக் குமிழிலும் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். பெரியவர்களுக்கு நாண் சிதையும் அதே இழுப்பில், இவர்களுக்குக் குமிழே எலும்பிலிருந்து பெயர்ந்து விடக் கூடும். ஆகவே வளரும் வயதினருக்கு இப்பலகைப் பயிற்சி வேண்டாமென்று இத்துறை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். அவ்வயதில் முழங்கை வலித்தால், சுத்தியலைத் தேடுமுன் மருத்துவரிடம் காட்டிப் படம் பிடித்துப் பார்த்து விடுவது நல்லது.

வயது வந்தவர்களும் சில குறிகளைக் கண்டால் பயிற்சியை நம்பிக் காத்திருக்கலாகாது. ஏறும் போது முழங்கையில் படீரென்று ஒரு சத்தம் கேட்டு, உடனே வலிமை குன்றி, கன்றிப் போய் நீலம் பாரித்தல் ஒன்று. அது நாண் அறுந்ததன் அறிகுறி. சில நாட்களுக்குள் அறுவை செய்ய வேண்டி வரலாம். மூட்டு வீங்குவதும், மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக் கொள்வதும், காய்ச்சலுடன் கூடிய வலியும் அத்தகையனவே. சுண்டு விரலும் அதை அடுத்த விரலின் பாதியும் மரத்துப் போதல் மற்றொன்று. முழங்கை எங்கேனும் இடித்துக் கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுண்டு விரல் வரை விறுவிறுக்கிறதே, அதற்குக் காரணமான நரம்பு உட்பக்கக் குமிழுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தின் வழியாகத்தான் செல்கிறது. வலியோடு மரப்பும் சேர்ந்தால் நரம்பு நெருக்கப்படுகிறதென்று பொருள். நரம்புக்கு நாணைப் போல் பொறுமை கிடையாது.

என்னுடைய சுத்தியல் இன்றும் மேசை மேல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், இரவு உணவுக்குப் பின், செய்தி கேட்டுக் கொண்டே அதைச் சாய்த்து நிமிர்த்துவேன். ஆணி அடிக்க வீட்டுக்கு வேறொரு சுத்தியல் வாங்க வேண்டியதாயிற்று.